வாய் திறக்கக் கூடாத பிரதிநிதி

1

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஜெயக்குமார் போன் எடுத்தான். சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை. அவனுடைய மூத்த மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். அவளை முதுமாணி படிக்க மொன்றியலுக்கு அனுப்பப் போகிறானாம். நான் இங்கே ஒரு கம்பஸில் வேலை செய்கிறேன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

"நீங்க ஒரு சொல்லுச் சொன்னா இடம் குடுப்பாங்கதானே அக்கா" என்றான்.

இடம் கொடுப்பதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். சிரித்தான். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். பிள்ளை எந்தப் பேராசிரியரின் கீழ் படிக்கப் போகிறாள்? அவரோடு ஒரு தரமாவது கதைத்தாளா? அவரிடம் முன்பு படித்தவர்கள் யாரையாவது விசாரித்தாளா? அவர் இன்னும் எத்தனை காலம் இந்தக் கம்பஸில் இருப்பார் என்று தெரியுமா? ஜெயக்குமாரின் குரல் மாறிவிட்டது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

மறுநாள் சித்தி எடுத்தார். சுகம் விசாரித்தார், இங்கே குளிர் எப்படி என்று கேட்டார், கடைசியில்தான் விசயத்துக்கு வந்தார். பிள்ளை கனடா வருவது எனக்கு விருப்பமில்லை என்று ஜெயக்குமார் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். என் மகள் படிக்கிறது பிரெஞ்சில், அதனால் அவனுடைய பிள்ளை ஆங்கிலத்தில் முன்னுக்கு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை என்றும் சொன்னானாம்.

போனில் விளங்கப்படுத்தியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்பும் எண்ணம் உள்ளவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

2

முதலில் என் வேலை. எங்கள் கம்பஸில் முதுமாணி மாணவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. எனக்குச் சம்பளம் தருவது அந்தச் சங்கம், பல்கலைக்கழகம் இல்லை. என் மேசை ஒரு பழைய கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த அறைக்குள் வேர்க்கும்.

வருகிற பிள்ளைகளுக்கு நான் செய்வது மூன்று விதமான வேலை. பாடத்தில் தடுமாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக் கொடுப்பேன். புள்ளிவிபரவியலுக்கும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவதற்கும்தான் கூடுதலாகக் கேட்பார்கள். வீட்டுப் பிரச்சினை, விசாப் பிரச்சினை, மனம் உடைந்து போனது என்று வருகிறவர்களைச் சரியான கதவுக்கு அனுப்பி வைப்பேன். மூன்றாவது, பிரதிநிதித்துவம். ஒரு மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிணக்கு வந்து விசாரணை வைத்தால் அவரோடு கூடப் போவேன்.

பிரதிநிதி என்றதும் எழுந்து நின்று வாதாடுவது போல ஒரு காட்சி உங்கள் மனதில் வரும். எனக்கும் வேலைக்குச் சேரும்போது அப்படித்தான் வந்தது. நடைமுறை வேறு. மாணவர் தன்னோடு ஒருவரை அழைத்துவரலாம். அந்த ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், குறிப்பு எடுக்கலாம், தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். கதைக்கக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகையோடு இதை நினைவூட்டுவார். நானும் புன்னகையோடு தலையாட்டுவேன். சம்பளம் வாங்குவது அந்தத் தலையாட்டலுக்குத்தானோ என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்திருக்கிறேன்.

இந்த ஊரில் ஒருவரும் "இல்லை" என்று சொல்வதில்லை. இத்தனை வருடத்திலும் எனக்குப் பழகாதது அதுதான். மட்டக்களப்பில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் கிளாக்கர் எரிந்து விழுவார், நாளைக்கு வா என்று விரட்டுவார். மனதுக்குள் திட்டிக்கொண்டு திரும்புவோம். ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியும். இங்கே உங்கள் நிலைமை எங்களுக்கு விளங்குகிறது என்பார்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்பார்கள். நான் பொறுமையாக இருக்கிறேன் என்று இவர்களிடம் எப்போது சொன்னேன்? கதவு முகத்தில் அறைந்தால் மூக்கையாவது தடவிக்கொள்ளலாம். இது பஞ்சுச் சுவர். முட்டினால் வலிக்காது, திறக்கவும் திறக்காது.

காலையில் என் கணவர் துறைமுகத்துக்கு லொறி எடுக்கப் போய்விடுவார். மகள் மதுரா காதில் எதையோ செருகிக்கொண்டு புறப்படுவாள். நான் கார்ட்டியர்வில்லிலிருந்து பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, அந்தப் பஞ்சுச் சுவருக்குப் போவேன்.

3

நிரோஜாவை நான் முதலில் பார்த்தது ஒரு கோடை முடிகிற நேரம். கதவைத் தட்டிவிட்டு, நான் வரச் சொல்லும்வரை வெளியே நின்றாள். என் பெயரை வாசலில் படித்திருக்க வேண்டும், தமிழிலேயே தொடங்கினாள். திருகோணமலை. அங்கே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். முதுமாணிப் பட்டத்தோடு திரும்பினால் பொறியியலாளர் தரத்துக்குப் போகலாம் என்று சம்பளமில்லாத படிப்பு விடுமுறை எடுத்து வந்திருந்தாள். பட்டம் இல்லாமல் திரும்பினால் பழைய கதிரையும் உறுதியில்லை.

வந்த விசயம் உப்பு. அவளுடைய ஊரில் கடற்கரையை அண்டிய கிணறுகள் உவர்த்துப் போவதைப் பல வருடமாக அளந்தவள். இங்கே ஒரு பேராசிரியர், குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு பனியோடு உருகி ஓடைகளில் எவ்வளவு சேருகிறது என்று ஆராய்ந்து வந்தார். இரண்டும் ஒரே கணக்குத்தான், உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும் என்று அவர் எழுதியதை நம்பித்தான் நிரோஜா விமானம் ஏறினாள்.

முதல் குளிர்காலத்தின் நடுவில் பேராசிரியர் வேறொரு நாட்டில் வேறொரு பதவி கிடைத்துப் போய்விட்டார். போகும்போது மாணவர்களுக்கான முன்னேற்ற அறிக்கைகளை நிரப்பிவிட்டுப் போனார். நிரோஜாவின் அறிக்கையில் "திருப்தியில்லை, மாதிரி சேகரிப்பு இன்னும் தொடங்கவில்லை" என்று இருந்தது. மாதிரி எடுப்பது பனி உருகும்போது. அவர் அறிக்கை எழுதிய அன்று தெருவோரத்தில் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

அதோடு ஆய்வுகூடத்தைப் பூட்டினார்கள். அவளுடைய அட்டை கதவைத் திறக்கவில்லை. புது மேற்பார்வையாளரைத் தேடிக்கொள்ளும்படி கம்பஸில் அவளுடைய துறை சொன்னது. அவள் ஒவ்வொரு பேராசிரியருக்கும் எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் வாழ்த்துச் சொன்னார்கள். இதற்கிடையில் பனி உருகி ஓடிவிட்டது. அது உருகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு விதி உண்டு. முன்னேற்றம் திருப்தியில்லை என்று இரண்டாவது தரமும் எழுதப்பட்டால் மாணவரை வெளியேற்றலாம். வெளியேற்றினால் படிப்பதற்கான அனுமதிகளும் செல்லாது. மாகாணம் கொடுத்தது ஒன்று, நாடு கொடுத்தது ஒன்று, இரண்டும். நிரோஜாவின் இரண்டாவது மதிப்பீட்டுக் கூட்டம் அடுத்த மாதம் வருகிறது என்றாள். இதுவரை ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன்.

"சேர் திரும்பி வருவார் எண்டு நினைச்சன் அக்கா. அவரைப் பற்றி முறைப்பாடு சொல்லுறது சரியில்லைத்தானே."

4

கூட்டத்துக்கு முதல் நாங்கள் கதைத்துத் தயார் செய்தோம். பேராசிரியர் போன நாள், அட்டை வேலை செய்யாத நாள், யாருக்கெல்லாம் எழுதினாள் என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லப் பழக்கினேன். நான் தலைவர் மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பேன். அவள் நன்றாகத்தான் சொன்னாள். ஒரே ஒரு பிரச்சினை, நான் ஒவ்வொரு தரமும் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்றுவிடுவாள். இருந்துகொண்டே பதில் சொல்ல அவளுக்கு நாலைந்து தரம் பழக்கம் தேவைப்பட்டது.

கூட்டத்தில் தலைவர் அன்பான மனிதர். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். என்னைப் பார்த்து வழக்கமான புன்னகை. பிறகு நிரோஜாவிடம், வேலை ஏன் நிறைவேறவில்லை என்று நினைக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

நிரோஜா தலையைக் குனிந்தாள். "ஐ ஆம் சொறி சேர்" என்றாள். "நான் இன்னும் முயற்சி எடுத்திருக்க வேணும்."

நான் பக்கத்தில் இருந்தேன். என் கையில் பேனை இருந்தது. அவளுடைய காலை மேசைக்குக் கீழே தட்டினேன். அதை அவள் அவசரப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தரமும் சொறி சொன்னாள். பழகிய ஒன்றும் வெளியே வரவில்லை. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்து, நல்ல மனிசர், என்னை ஏசவேயில்லை என்றாள்.

கிழமை முடிவதற்குள் கூட்டக் குறிப்பு வந்தது. மாணவி தன் பக்கத்து முயற்சிக் குறைவை ஏற்றுக்கொண்டு வருத்தம் தெரிவித்தார் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, திருப்தியில்லை. அதன் கீழே, வெளியேற்றுவதற்குப் பரிந்துரை.

நான் தலைவருக்குப் போன் செய்தேன். அவள் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை, அது எங்கள் ஆட்களின் பேச்சு முறை என்றேன். விளங்குகிறது என்றார். அப்படியானால் திருத்துங்கள் என்றேன். மாணவி சொன்ன சொல் எதுவோ அதுதான் குறிப்பில் இருக்கிறது, சொல்லாத சொல் ஒன்றும் இல்லையே என்றார். அது உண்மைதான். அதுதான் என்னை ஆத்திரப்படுத்தியது.

அந்தச் சொறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நான் படிக்கும் காலத்தில் கம்பஸுக்குப் போகும் பாதையில் சோதனைச் சாவடிகள் இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடப்போம். ஆமிக்காரன் நிமிர்ந்து பார்த்தாலே வாயில் வருவது "சொறி சேர்"தான். அவன் இன்னும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டான். நாங்கள் ஒரு பிழையும் செய்திருக்க மாட்டோம். சொறி என்றால் நான் உன்னோடு பிணங்க வரவில்லை, என்னைப் போக விடு என்று அர்த்தம். ஒரு நாள் என் சிநேகிதி ஒருத்தி, ஏன் என் பையைக் கொட்டினீங்க என்று கேட்டுவிட்டாள். அவளை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். நாங்கள் பாடம் முடிந்து திரும்பும்போதும் அவள் அங்கேயே நின்றாள். அடுத்த நாளிலிருந்து அவளும் எங்களை விட முந்திச் சொறி சொன்னாள்.

திருகோணமலைப் பாதைகளில் நிரோஜா எத்தனை சாவடி கடந்து பள்ளிக்கூடம் போனாளோ, நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

5

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, உனக்கென்ன, நீ உன்ர வேலையைச் செய்தனிதானே என்றார். அவருக்கு நாள் முழுக்கக் கொள்கலன்களுக்காகத் துறைமுக வாசலில் லொறியோடு காத்திருந்த களை.

ஆனால் மதுரா காதிலிருந்ததைக் கழற்றினாள். எங்கள் வீட்டில் அது அபூர்வம். அவள் கல்லூரியில் சட்ட உதவியாளர் படிப்புப் படிக்கிறாள், பிரெஞ்சில். என்னோடு அவள் பேசும் தமிழ் வரவரச் சுருங்கி ஓம், இல்லை, பசிக்கேல்லை என்ற அளவுக்கு வந்துவிட்டது. நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். நான் பாதியில் விழுந்துவிடுவேன். அன்று அவள் பிரெஞ்சிலேயே, ஆனால் எனக்காக மெதுவாகச் சொன்னாள். இந்த மாகாணத்துச் சட்டத்திலேயே, ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று எழுதியிருக்கிறதாம். போன தவணைதான் படித்தாளாம். போனில் அந்த வரியை எடுத்தும் காட்டினாள்.

இருவரும் அதை வைத்துக் கனநேரம் கதைத்தோம். நான் தமிழில், அவள் பிரெஞ்சில். மகளோடு அவ்வளவு நேரம் கதைத்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. வெளியேற்றும் பரிந்துரைக்கு எதிரான மேன்முறையீட்டில் அந்தச் சட்ட வரியை முதலில் போடுவது என்று முடிவெடுத்தேன். உள்ளுக்குள் ஒரு பெருமை. என் பிள்ளை கண்டுபிடித்த வரி.

பல்கலைக்கழகச் செயலகத்திலிருந்து பதில் வந்தது. கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. அந்தச் சட்டம் நீதிமன்றங்களுக்கானது. கல்விசார் மதிப்பீடு நீதிமன்ற நடவடிக்கை அல்ல. மேன்முறையீட்டை விசாரிப்போம். உங்கள் பொறுமைக்கு நன்றி.

மதுராவிடம் சொன்னபோது அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். "பிறகு ஏன் நீங்க அங்க வேலை செய்றீங்க?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்த வாக்கியத்தை அவள் பிழையில்லாமல் சொன்னாள் என்பதை முதலில் கவனித்தேன். கேள்விக்கு நான் வருமுன் அவள் திரும்பவும் காதுக்குள் செருகிக்கொண்டாள்.

6

மேன்முறையீட்டுக்குத் தயார் செய்யும்போதுதான் நிரோஜா போத்தல்களைப் பற்றிச் சொன்னாள்.

மொன்றியல்-நோர் பகுதியில் அவள் வேறு இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பிரெய்ரீ ஆறு. பனி உருகத் தொடங்கியதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தெருத் தண்ணீர் குழாய் வழியாக ஆற்றில் விழும் இடங்களைத் தேடிப் பிடித்து, காலையில் ஒரு தரம் பின்னேரம் ஒரு தரம் போய், கழுவிய பிளாஸ்டிக் போத்தல்களில் பிடித்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பளக்கும் சிறிய மீற்றரால் அங்கேயே அளந்து எழுதினாள். போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினாள். பால் வைக்க இடமில்லை என்று மற்றப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு நாள் கரையில் பனிக்கட்டி உடைந்து முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

"இதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல?"

"கள வேலைக்கு அனுமதி எடுக்க வேணுமக்கா. தனியப் போகக் கூடாது. மேற்பார்வையாளர் கையெழுத்து வைக்க வேணும். எனக்குத்தான் மேற்பார்வையாளரே இல்லையே. சொன்னா அது வேற குற்றமாகிடும்."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. முயற்சி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன உடனே பாதுகாப்பு விதியை மீறியவள் ஆகிறாள். வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். பேராசிரியர் போனதையும் கதவு பூட்டியதையும் மட்டும் சொல்வோம், அது துறையின் பொறுப்பு, அதில் நாங்கள் நிற்போம் என்றேன். அவள் ஓம் என்றாள். எங்கள் ஆட்களின் ஓமில் எத்தனை விதம் உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேன்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். அதில் ஒருவர் வேறொரு துறையைச் சேர்ந்த பெண் பேராசிரியர். நரைத்த தலை, கடுமையான முகம், பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம். அவர் புன்னகைக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இந்தக் குழுவின் தலைவரும் வழக்கம்போல என்னிடம், நீங்கள் பேச முடியாது என்பதை அறிவீர்கள்தானே என்றார். தலையாட்டினேன்.

நிரோஜா பழகியபடி தொடங்கினாள். தேதிகள், கதவு, கடிதங்கள். தலைவர் பழைய கூட்டக் குறிப்பைத் தூக்கிக் காட்டி, ஆனால் முயற்சி போதவில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன், வேறென்ன செய்வது. பிறகு அவள் பேசினாள். ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நான் அண்டைக்கு மன்னிப்புக் கேட்டது மரியாதைக்கு. பிழை செய்ததுக்கு இல்ல. ஏன் முடிக்கேல்ல எண்டுதான் எல்லாரும் கேட்டனீங்கள். என்ன செய்தனீ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

"என்ன செய்தீர்கள்?" என்றார் நரைத்த தலைப் பேராசிரியர்.

நிரோஜா சொன்னாள். எல்லாவற்றையும். குழாய் வாய்கள், போத்தல்கள், மீற்றர், குளிர்சாதனப் பெட்டி. முழங்கால்வரை தண்ணீரில் போனதைக்கூட விடவில்லை. இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினேன். அவளோ எங்களையெல்லாம் மறந்துவிட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் தலை குனியவும் இல்லை. வேலை தெரிந்த ஒருத்தி வேலையைப் பற்றிச் சொல்லும் குரல் அது. அந்தக் குரலை நான் அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன்.

பெண் பேராசிரியர், அளவுகள் எப்படி இருந்தன என்று கேட்டார். நிரோஜா சொன்னாள். உருகத் தொடங்கிய முதல் நாட்களில்தான் உப்பு உச்சத்துக்குப் போனது, மழை வந்ததும் விழுந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டு இன்னொன்று கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் மறுத்தார், அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் அந்த அறையில் ஒரு விசாரணை நடப்பதாகவே தெரியவில்லை. இரண்டு பேர் தண்ணீரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதைக்காகத்தானே அந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தது என்று நினைத்தேன். அது நடப்பதற்கு ஒரு மேன்முறையீடு தேவைப்பட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார். இந்தக் கள வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி பெறப்பட்டதா என்று கேட்டார்.

7

முடிவு வந்தது. இரண்டாவது "திருப்தியில்லை" நீக்கப்பட்டது. வெளியேற்றம் இல்லை. கால நீடிப்பு உண்டு. அனுமதியின்றிக் களத்துக்குப் போனதற்கு எச்சரிக்கை. கூட்டக் குறிப்பைத் திருத்த முடியாது. ஆனால் மாணவியின் விளக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்பார்வைக்கு அந்தப் பெண் பேராசிரியரே முன்வந்தார். நிரோஜா போத்தல்களை ஒரு பெட்டியில் அடுக்கி பஸ்ஸிலும் மெட்ரோவிலும் சுமந்து அவருடைய ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனாள். அவர் சிலதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல அளவுகள் என்றார். ஆனால் அனுமதியில்லாமல் எடுத்த மாதிரியை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது என்றார். அடுத்த பனி உருகும்வரை காத்திருக்க அவளுடைய விடுமுறை இடம் கொடுக்காது. அதனால் நகரசபை வைத்திருந்த பழைய தரவுகளை வைத்து, மேசையிலிருந்தபடியே வேறொரு ஆய்வேடு எழுதினாள். நான் தேடிக் கொடுத்த ஒருவர் புள்ளிவிபரவியல் சொல்லிக் கொடுத்தார். நன்றாகவே முடித்தாள். ஆனால் அவள் பனியில் நின்று பிடித்த வசந்தம் அந்த ஆய்வேட்டில் ஒரு வரியிலும் இல்லை.

எங்கள் சங்கம் இதை வெற்றி என்று சொன்னது. நான் வேறொன்று கேட்டேன். கூட வருகிற ஆள் பேசலாம் என்று விதியை மாற்றும்படி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோரிக்கை வைத்தோம். அது ஒரு செயற்குழுவுக்கு அனுப்பப்பட்டது. செயற்குழு இன்னும் கூடவில்லை. கூடினால் எனக்கும் அழைப்பு வருமாம், பார்வையாளராக.

ஜெயக்குமார், உன் மகள் வரட்டும். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருவதற்கு முன் நான் கேட்ட கேள்விகளைக் கேட்கட்டும். கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்காமல் கேட்கப் பழகட்டும். அதைப் பழக்க என்னைவிட உனக்குத்தான் நேரம் இருக்கிறது. இங்கே வந்த பிறகு நான் பக்கத்தில் இருப்பேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

நிரோஜா திருகோணமலைக்குத் திரும்பிவிட்டாள். கேட்ட தரம் கிடைத்தது. இப்போது தனி அறை, மின்விசிறி, வாசலில் ஒரு பியோன். அவ்வப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள். சென்ற மாதம் அனுப்பியது கொஞ்சம் நீளம். மெட்ரோவுக்குள் கேட்டேன்.

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாளாம். கிணறு உவர்த்துப் போய்விட்டது, வந்து பார்க்க வேண்டும் என்று. நிரோஜாவுக்கு அன்று வேறு அவசரம். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த கிழமை வாங்கோ என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் படியிறங்கின பிறகுதான் நிரோஜாவுக்குத் தன் குரல் தன் காதில் விழுந்ததாம். எழுந்து வெளியே ஓடிப் பார்த்தால், பஸ் போய்விட்டது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் நிலாவெளிக்குப் போய், வீடு வீடாக விசாரித்து, அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தாளாம். மீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு, கிணறு பார்க்க வந்திருக்கிறேன் என்றாளாம்.

"அவ என்னை நம்பேல்ல அக்கா. ஆர் அனுப்பினது, எதுக்கு வந்தனீங்கள், என்னத்தில கையெழுத்து வைக்க வேணும் எண்டு படலைக்கு வெளியிலயே நிப்பாட்டி வைச்சுக் கேட்டவ. எல்லாத்துக்கும் பதில் சொன்ன பிறகுதான் உள்ளுக்க விட்டவ. எனக்கு அது சரியெண்டுதான் பட்டது."